கழுத்துவரைக்கும் தண்ணி

ஆபீஸ் வண்டி நிக்காமலே போயிருச்சு.

ஆமத்தூர் விலக்குல பொன்னுத்தங்கம் தூக்குவாளியோட கைய நீட்டிக்கிட்டு நிக்கா. வண்டி அவளப் பாத்து வேகத்தக் கொறைக்குற மாதிரி கொறைச்சு, அப்புறம் ஒரு முக்கு முக்கி அவளத் தாண்டிப் போயி, அங்கன நின்ன கற்பகவல்லியவும் மத்த பொம்பளைகளவும் ஏத்திக்கிட்டுப் போயிருச்சு. முன்சீட்டுல போர்மேன் கருத்தப்பாண்டி. சன்னல் வழியா கைய வெளிய விட்டு, கோழிய விரட்டுற மாதிரி ஒரு ஆட்டு ஆட்டுனாரு. அம்புட்டுத்தான்.

அந்தப் பக்கமெல்லாம் பட்டாசுக் கம்பெனிக்கு ஆபீஸ்னுதான் பேரு. எம். புதுப்பட்டி தாண்டி கருவேலங்காட்டுக்கு நடுவுல இருக்கு அன்பரசன் மொதலாளியோட ஆபீஸ். பொன்னுத்தங்கம் அங்கன சரவெடி பின்னப் போறவ. தீவாளி நெருங்குது, சீசன் உச்சத்துல இருக்கு. ஒடம்பு முடியலன்னு படுத்துக் கெடக்குறவளக் கூட, ‘சும்மா வந்து ஒக்காந்துட்டாவது போ தாயி’ன்னு வாசல்ல வந்து கெஞ்சுற நேரம். அப்பேர்ப்பட்ட நேரத்துல அவள விட்டுட்டுப் போயிருக்கு வண்டி.

தண்ணி பாட்டில மறந்துட்டாளேன்னு பின்னாடியே ஓடியாந்த மக பிரீத்திகா அத அப்படியே பாத்துட்டா.

"என்னம்மா, நிக்காமப் போறாக?"

பொன்னுத்தங்கம் மகளத் திரும்பிக்கூடப் பாக்கல. சேலைக்கு மேல போட்டுருந்த ஆம்பளச் சட்டையோட பித்தானக் கழட்டிக்கிட்டே வீட்டப் பாத்து நடந்தா.

"எல்லாம் நீ சீசாவுல அடைச்சுக் கொண்டாந்த காய்ச்சலுக்குத்தான்."

"நானா? யாரு சொன்னா?"

"யாரு சொல்லல? நேத்து சாயங்காலம் கருத்தப்பாண்டி அண்ணன் அம்புட்டு பேரு முன்னாடியும் சொல்லுதாரு. ‘பொன்னுத்தங்கம், ஒம் மக வைரஸு வளக்குற எடத்துல வேல பாக்கா. அவ வந்து எறங்குனா, இங்க ஒவ்வொருத்தியா விழுதா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?’ அப்படின்னு. எல்லாவளும் என் மூஞ்சியப் பாக்காளுக. நான் எதச் சொல்ல?"

"இல்லன்னு சொல்ல வேண்டியதுதான!"

"எனக்கு என்ன தெரியும், நீ அங்கன என்னத்த வளக்கேன்னு."

அந்தச் சொல்லுதான் பிரீத்திகாவுக்குத் தைச்சிருச்சு. ஊரு சொன்னது கூடப் பெருசில்ல. பெத்தவளே, எனக்கு என்ன தெரியும்ங்கா.

பெங்களூர்ல ஒரு ஆராய்ச்சிக் கூடத்துல அவளுக்குக் கொசு வளக்குற வேல. வலக்கூண்டுக்குள்ள கொசு இருக்கும். அதுகளுக்குச் சக்கரத் தண்ணி வைக்கணும், மெல்லிசான ஜவ்வுக்கு மேல ஆட்டு ரத்தத்த ஊத்திக் குடிக்க விடணும், முட்டையெல்லாம் தாள்ல ஒட்டிருக்கும், அத எடுத்துக் காய வச்சுப் பத்திரப்படுத்தணும். மொத மொத அவ வேலையப் பத்திச் சொன்னப்ப தெருவே சிரிச்சுது. "இங்கன ஓசியில கடிக்குது, அங்கன போயி ரத்தம் வாங்கி ஊத்தி வளக்கியாக்கும்! அதுக்குச் சம்பளம் வேற!"ன்னு கற்பகவல்லி சித்தி வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. ஆனா அவ வளக்குறது ஒரு கிருமியும் இல்லாத சுத்தக் கொசு. வைரஸு வச்சிருக்க ரூமுக்கு ரெட்டக் கதவு, பூட்டு, கேமரா. அதுக்குள்ள போக அவளுக்கே அனுமதி கெடையாது. எட்டிக்கூடப் பாத்ததில்ல.

அவ லீவு போட்டு வந்ததே இந்தக் காய்ச்சலாலதான். பக்கத்து வீட்டு யோகலட்சுமி அக்கா, அம்மா கூட ஒரே ரூமுல சரம் பின்னுறவுக, காய்ச்சல்ல விழுந்துட்டாகன்னு அம்மா போன்ல சொன்னா. அத்தோட ரூமுல இன்னொருத்திக்கும் கண்ணுக்குப் பின்னாடி வலிக்குதாம்னா. அன்னைக்கே பஸ்ஸுக்குப் பதிஞ்சு ஓடியாந்தா பிரீத்திகா. காய்ச்சலு முன்னாடி வந்துச்சு, இவ பின்னாடி வந்தா. அத ஊரு அப்படியே திருப்பிப் போட்டுருச்சு. யோகலட்சுமி இப்ப விருதுநகர் பெரியாஸ்பத்திரியில டிரிப்ஸ் ஏத்திக்கிட்டுக் கெடக்கா. ஊரு ஒரு கணக்குப் பண்ணிப் பாக்கல.

வீட்டுக்குள்ள வந்ததும் பொன்னுத்தங்கம் தூக்குவாளிய டங்குன்னு வச்சா.

"நீ இன்னைக்கே கெளம்பு. நீ போயிட்டா என்னிய ஏத்திக்கிருவாக."

"ஏத்துனாலும் நீ போகக்கூடாதும்மா. அதுக்குத்தான் வந்தேன். முந்தின வருசத்துக்கு முந்தின வருசம் ஒனக்கு டெங்கு வந்துச்சுல்ல?"

"வந்துச்சு, போச்சு. அம்மை மாதிரித்தான. ஒருக்கா வந்தா திரும்ப வராது."

"அங்கனதான் தப்பு. அம்மை மாதிரி இல்ல இது." பிரீத்திகா அம்மா முன்னாடி சம்மணம் போட்டு ஒக்காந்தா. "இதுல நாலு ரகம் இருக்கு. ஒங்க ஆபீஸ் கேட்டுல வாட்ச்மேன் மூஞ்சியப் பாத்துத்தான உள்ள விடுவாரு? அது மாதிரி ஒடம்புக்குள்ளயும் காவக்காரன் உண்டு. போன தடவ வந்த ரகம் திரும்ப வந்தா அவனுக்கு அடையாளம் தெரியும், தீத்துருவான். வேற ரகம் வந்தா பாதி மூஞ்சிதான் தெரியும். பிடிக்கான், ஆனா கொல்லத் தெரியல. கையப் பிடிச்சு ரத்தத்துல இருக்க அணுவுக்குள்ள அவனே கூட்டிட்டுப் போயி விட்டுருதான். தானாப் போறதவிட வேகமா உள்ள போயிருது வைரஸு. உள்ள போனதும் நம்ம அணுவையே வேலக்காரனாக்கி அதப்போலப் பத்து நூறுன்னு செஞ்சு தள்ளுது. எல்லாருக்கும் அப்படி ஆகும்னு சொல்லல. ஆனா ரெண்டாந்தடவ வந்தவுகளுக்குத்தான் ரத்தம் கசியுறது, உசுருக்கு இழுக்குறதெல்லாம் கூட."

போன தடவ வாயில ரத்தம் கசிஞ்சது பொன்னுத்தங்கத்துக்கும் மறக்கல.

"அப்ப வேலைக்கே போகாதங்கியா?"

"கொசு இல்லாத எடமாப் பாத்துப் போங்கேன்."

"கொசு இல்லாத பட்டாசு ஆபீஸ் பெங்களூர்ல இருந்தா எழுதிப் போடு, வாரேன்."

அன்னைக்கு மத்தியானம் கொசு ஒழிப்புக்காரவுக ரெண்டு அக்காமாரு தெருவுக்கு வந்தாக. ஒவ்வொரு வீட்டுத் தொட்டியிலயும் டார்ச் அடிச்சுப் பாத்தாக. பிரீத்திகா வந்த மறுநாளே செரட்ட, பழைய டயரு, பூத்தொட்டித் தட்டு எல்லாத்தையும் கவுத்து வச்சிருந்தா, அதனால அவுக வீட்டுல ஒன்னும் சிக்கல.

"யக்கா, இந்தக் கொசு பகல்லதான கடிக்கும்? பகல்ல இந்தத் தெருப் பொம்பளைகளெல்லாம் ஆபீஸ்லதான இருக்காக? அங்கன பாத்தீகளா?"

ஒரு அக்கா சிரிச்சாக. "எங்கள யாரு உள்ள விடுவா பிள்ள? வெடிமருந்து இருக்க எடம், வெளியாளு கால வைக்கக்கூடாதும்பாக. கேட்டோட சரி. நாங்க வீட்டத்தான் பாக்க முடியும்."

அவுக போனதும் பிரீத்திகா அம்மாகிட்ட கேட்டா. "ஆபீஸ்ல தண்ணி எங்கெங்க நிக்குது?"

"தண்ணிக்கென்ன கொறச்சலு? ரூமுக்கு ரூமு வாசல்ல டிரம்மு இருக்கு. பக்கத்துல மண்ணு வாளி. தீப்பிடிச்சா ஊத்துறதுக்கு. சோதனைக்கு ஆபீசர் வந்தா மொதல்ல அதத்தான் பாப்பாரு. டிரம்முல கழுத்துவரைக்கும் தண்ணி இல்லன்னா லைசென்ஸுக்கே வில்லங்கம். அதனால சாயங்காலம் கெளம்புறதுக்குள்ள கொறஞ்ச அளவுக்கு ஊத்தி நெரப்பி வைக்கணும். முறை போட்டு ஊத்துவோம்."

"பழைய தண்ணியக் கொட்டிட்டு?"

"எதுக்குக் கொட்டணும்? குடிக்கவா போறோம்? நல்ல தண்ணிதான், கண்ணாடியாட்டம் கெடக்கும்."

"டிரம்ம எப்பக் கழுவுனீக?"

பொன்னுத்தங்கம் யோசிச்சுப் பாத்தா. "வாங்குனதுல இருந்து கழுவுனதா நெனப்பு இல்ல."

பிரீத்திகாவுக்குத் தலையில அடிச்சுக்கணும் போல இருந்துச்சு. அவ பெங்களூர்ல தெனமும் செய்யுற வேலையத்தான் இவுக இங்கன அறியாம செஞ்சுக்கிட்டு இருக்காக. அந்தக் கொசு தண்ணியில முட்டையிடாது. தண்ணிக்கு மேல, ஈரமான சுவத்துல ஒட்டி வைக்கும். வெயில்ல தண்ணி கொறையும், முட்டை காஞ்சு போயி அப்படியே காத்துக் கெடக்கும், மாசக்கணக்காக் கெடந்தாலும் சாகாது. திரும்பத் தண்ணி ஏறி அத நனைச்சா புழு பொறிச்சிரும். கூண்டுக்குள்ள அவ தாள நனைக்குறா. இவுக சாயங்காலமானா முறை போட்டு டிரம்ம நனைக்காக. தீயிலருந்து காப்பாத்த வச்ச தண்ணி!

"நான் சூலக்கரைக்குப் போறேன். கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்துட்டு வாரேன்."

பொன்னுத்தங்கம் மக கையப் பிடிச்சுக்கிட்டா. "எந் தாயில்ல, அதமட்டும் செஞ்சிராத. ஆபீஸ்ல கொறன்னு மனு போனா பூட்டி சீல் வச்சிருவாக. சீசன்ல பூட்டுனா அம்புட்டுக் குடும்பமும் நம்ம வாசல்ல வந்து மண்ணள்ளி வீசும். மொதலாளிகிட்டப் பேசுவோம். அவரு நல்ல மனுசன்."

நல்ல மனுசன் அன்பரசன் சிவகாசி டவுன் ஆபீஸ்ல ஏசி ரூமுல இருந்தாரு. வரவேற்பு பலமாத்தான் இருந்துச்சு. "வா தாயி, ஒக்காரு. இதான் பெங்களூர்ப் பிள்ளையா?"ன்னு கேட்டு கலர் சோடா வாங்கிட்டு வரச் சொன்னாரு. பிரீத்திகா டிரம்மப் பத்தி எல்லாம் சொன்னா. வாரத்துக்கு ஒருக்கா, காலையில மருந்தத் தொடுறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு ரூமாக் கவுத்து, உள்சுவர நாரப் போட்டுத் தேச்சு, ஒடனே நெரப்பிரலாம். வேற ஒன்னும் வேண்டாம்னா.

"டிரம்மு காலியா இருக்க நேரத்துல ஒரு பொறி விழுந்தா யாரும்மா பொறுப்பு?"

"அதுக்குத்தான் மருந்து எடுக்குறதுக்கு முன்னாடிங்கேன். ஒரு ரூமு முடிச்சு அடுத்த ரூமு."

"வடக்க லோடு போகணும். ஒவ்வொரு நாளும் எங்களுக்குக் கழுத்துல கத்தி. இதுல பாத்திரம் வெளக்குற மாதிரி டிரம்ம வெளக்கிக்கிட்டு இருந்தா..." சிரிச்சாரு. அப்புறம் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டே கேட்டாரு. "சரி, புதுசா என்னென்ன கண்டுபிடிச்சிருக்காக இதுல?"

அந்தக் கேள்விய அவகிட்ட ஊர்ல ஒருத்தரும் கேட்டதில்ல. பிரீத்திகாவுக்கு மனசு நெறஞ்சு போச்சு. கலரக் கீழ வச்சுட்டு, அவுக கூடத்துல பெரியவுக படிச்சுக் காட்டுன ஆராய்ச்சியச் சொன்னா. டெங்கு வைரஸு ஏறுன எலியோட தோல் வாசம் மாறிப் போகுதாம். தோலைக் காக்குற ஒரு சத்து இருக்கு, அத வைரஸு அமுக்கிருது. அப்பத் தோல்ல இருக்க சில கிருமிக பெருகி ஒரு வாசத்த விடுதுக. அந்த வாசத்துக்குக் கொசு மொய்க்குது. காய்ச்சல் கண்ட மனுசங்க மேலயும் அந்த வாசம் கூடத்தான் இருந்துச்சாம். ஒரு ஒடம்புல இருந்து அடுத்த ஒடம்புக்குப் போக, வைரஸு நம்ம தோலையே வெளம்பரப் பலகையாக்கிருது. "அதனாலதான் மொதலாளி, காய்ச்சல் வந்தவுகளக் கொசு வலைக்குள்ள படுக்க வச்சுக் கவனிக்கணும். கொசுவே இல்லன்னா வாசம் வந்தாலும் ஒன்னும் பண்ணாது."

"அருமை, அருமை. நல்லாப் படிச்சிருக்கம்மா,"ன்னு தலைய ஆட்டிக்கிட்டே இருந்தாரு அன்பரசன்.

மறுநாள் காலையில வண்டி வந்து நின்னுச்சு. கருத்தப்பாண்டி படியில நின்னுக்கிட்டு எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொன்னாரு.

"யாரு வீட்டுல காய்ச்சல் கெடக்கோ, அவுக சீசன் முடியுற வரைக்கும் வேலைக்கு வரப்படாது. காய்ச்சக்காரவுக ஒடம்பு வாசந்தான் கொசுவ இழுத்துட்டு வருதாம். நான் சொல்லல. பெங்களூர்ல ஆராய்ச்சி பண்ணுற பொன்னுத்தங்கம் மக மொதலாளிகிட்டயே வந்து சொல்லிட்டுப் போயிருக்கு."

தெருவுல பாதி வீட்டுக்கு அன்னைக்கு வேல போச்சு. டிரம்ம ஒருத்தரும் தொடல.

சாயங்காலம் கற்பகவல்லி வாசல்ல வந்து நின்னா. அவ தங்கச்சிக்கும் வேல போயிருந்துச்சு, அவ மகனுக்குக் காய்ச்சலுங்கிறதால. கற்பகவல்லி தனி வீடுங்கிறதால தப்பிச்சா.

"ஏட்டி பிரீத்திகா! வெளிய வாட்டி! நாங்க நாறுதோமாக்கும்?"

"சித்தி, நான் அப்படிச் சொல்லவே இல்ல..."

"எந் தங்கச்சி மகன் பச்சப்பிள்ள. அவன் மேல என்ன வாசம் வருதுன்னு மோந்து பாத்துட்டு வந்து சொல்லு. நீ போட்டுருக்க செண்ட விட நல்லாத்தான் இருக்கும்! ஒங்கம்மாவ ஏத்தலன்னதும் எல்லாரையும் எறக்கி விட்டுட்டீக, என்ன?"

தெருவே வேடிக்க பாத்துச்சு. பிரீத்திகாவுக்கு அழுகை வரல, கோவந்தான் வந்துச்சு. ஒரு மனுசன் கலர் வாங்கிக் குடுத்து, அவ வாயில இருந்தே ஒரு சொல்லப் பிடுங்கி, அத வச்சே பிள்ளைக்காரிக வயித்துல அடிச்சிருக்கான். காய்ச்சலக் குடுத்த டிரம்மு வேலையில இருக்கு, காய்ச்சல் வந்தவ வேலையில இல்ல.

"நான் சொன்னது ரெண்டு சித்தி. மொதல்ல சொன்னது, ஒங்க டிரம்முக்குள்ள புழு நெளியுது, கழுவுங்கன்னு. அத அந்தாளு முழுங்கிட்டான். மத்ததப் பாதியா வெட்டி ஒங்ககிட்டச் சொல்லிருக்கான்."

"டிரம்முல புழுவா? தெனம் எங் கையால ஊத்துற தண்ணி. ஒரு தூசி கெடையாது."

"டிரம்மு உள்ள இருட்டு. புழுவும் கருப்பு, நெழல் பட்டா அடியில போயிரும். ஒங்களுக்குத் தெரியாது."

"செல்போன உள்ள கொண்டு போகக்கூடாது, இல்லன்னா போட்டா எடுத்தே காட்டிருவேன்."

"போனு எதுக்கு? தூக்குவாளி கொண்டு போறீகல்ல? நாளைக்குச் சாப்பிட்டதும் அதுல டிரம்முத் தண்ணிய மோந்துட்டு வாங்க. மேலாப்புல மோக்காம ஆழமா மோக்கணும்."

கற்பகவல்லி இடுப்புல கைய வச்சா. "வெறும் தண்ணியா இருந்தா, நீ வந்த பஸ்ஸுலயே திரும்பிப் போயிரணும். தெருப்பக்கம் மூஞ்சி காட்டக்கூடாது."

"சரி. புழு இருந்தா?"

கற்பகவல்லி திரும்பி விறுவிறுன்னு போயிட்டா.

மறுநாள் சாயங்காலம் வண்டி வந்ததுமே ஒரு கூட்டம் கூடிருச்சு. கற்பகவல்லி தூக்குவாளிய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு வந்தா, சிந்தாம. "கேட்டுல வாட்ச்மேன் தொறந்து மோந்து பாக்கான்,"ன்னா. "மருந்து கிருந்து தூக்கிட்டுப் போறேனான்னு. ‘வெறுந்தண்ணிய எதுக்கு மதினி சொமக்கீக’ன்னு சிரிக்கான். நானும் வெறுந்தண்ணின்னுதான் நெனச்சேன்."

பிரீத்திகா ஒரு வெள்ளப் பீங்கான் கிண்ணத்த வாசல்ல வச்சு அதுல ஊத்துனா.

மொதல்ல ஒன்னுந் தெரியல. அப்புறம் கலங்கல் அடங்குச்சு. தலகீழாத் தொங்கிக்கிட்டு, வால மேல நீட்டிக்கிட்டு, வெட்டி வெட்டி நெளியுது. ஒன்னு ரெண்டு இல்ல. அரிசி களையுறப்ப உமி மெதக்குற மாதிரி. கமா மாதிரிச் சுருண்ட கூட்டுப்புழுவும் கெடந்துச்சு. எல்லாரும் குனிஞ்சு பாத்துக்கிட்டு இருக்கப்பவே அதுல ஒன்னு மேல வந்து, முதுகு வெடிச்சு, உள்ள இருந்து ஒரு கொசு எந்திரிச்சுத் தண்ணி மேல நின்னுச்சு. கால்ல வெள்ள வெள்ளயா வளையம்.

"அடப் பாவிகளா,"ன்னா கற்பகவல்லி. கிண்ணத்தக் கையால காட்டிக் கத்துனா. "எந் தொட்டியில ஒரு புழு நெளிஞ்சதுக்கு எனக்கு அபராதம் போட்டாகளே! நான் தெனம் அந்தாளுக்கு இத ஊத்தி ஊத்தி வளத்துக் குடுத்துருக்கேனே! அங்கன கடி வாங்கிட்டு வந்துதான் எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு... நாங்க நாறுதோமாம்!"

பொன்னுத்தங்கம் அந்தக் கிண்ணத்தையே பாத்துக்கிட்டு நின்னா. மக மூஞ்சியப் பாக்க அவளுக்குக் கூச்சமா இருந்துச்சு. கிண்ணத்த எடுத்துச் சுடுற மண்ணுல கொட்டிட்டு, "நாளைக்கு நானும் போறேன்,"ன்னா.

"அம்மா!"

"கழுவத்தான் போறேன். நான் ஊத்துனது, நாந்தான் கவுக்கணும்."

விடிஞ்சதும் பிரீத்திகா அப்பாவோட முழுக்கைச் சட்டைய எடுத்து அம்மாவுக்கு மாட்டி விட்டா. அப்பா லாரியில லோடு ஏத்திக்கிட்டு வடக்க போயிருந்தாரு. மணிக்கட்டு வரைக்கும் பித்தான் போட்டு, காலுக்குச் சாக்ஸும் மாட்டி விட்டா. "பருத்திதான, நைலான் இல்லையே?"ன்னு பொன்னுத்தங்கம் தடவிப் பாத்தா. அந்தப் பழக்கம் மட்டும் அவுகளுக்கு மறக்காது. ஒரு பொறிக்குப் பயந்து சட்டைத் துணிய வரைக்கும் பாக்குற ஊரு, டிரம்முக்குள்ள மட்டும் எட்டிப் பாக்கல.

வண்டி வந்துச்சு. வேல போனவளுகளும் வந்து நின்னாளுக. எல்லாவ கையிலயும் தேங்கா நாரு.

"பொன்னுத்தங்கம் ஏறக்கூடாது, காய்ச்சல் வீட்டுக்காரிகளும் ஏறக்கூடாது,"ன்னாரு கருத்தப்பாண்டி.

கற்பகவல்லி ஒரு கால படியில வச்சபடியே, "அப்ப நீரு மட்டும் ஏறி ஒக்காந்து சரம் பின்னும். நாங்க வேணா கைதட்டுதோம்,"ன்னா. "லோடு நாளைக்குப் போகணும்ல அண்ணே?"

அவரு முன்சீட்டுல போயி ஒக்காந்தாரு. வண்டி கெளம்புச்சு, எல்லாரையும் ஏத்திக்கிட்டு.

பிரீத்திகா டிவிஎஸ்ஸ எடுத்துக்கிட்டுப் பின்னாடியே போனா. ஆபீஸ் கேட்டுல அவள நிப்பாட்டிட்டாக. வெளியாளு. உள்ள தூரத்துல ரூமுக வரிசையாத் தெரிஞ்சுது, ஒவ்வொன்னு வாசல்லயும் ஒரு நீல டிரம்மு. மொத டிரம்மக் கவுத்துற சத்தம் கேட்டுச்சு. கருத்தப்பாண்டி கத்துறது கேட்டுச்சு. "ஏட்டி, ஆபீசர் வந்தா என்ன சொல்லுவேன்?" அதுக்கு அவ அம்மா குரல்: "புழுவு போயிருச்சுன்னு சொல்லும்!" நாரு உரசுற சத்தம், குழாயில தண்ணி விழுகுற சத்தம், அடுத்த டிரம்மு. தரையில ஓடுன தண்ணி சரிவுல எறங்கி, கம்பிவேலிக்கு அடியில நுழைஞ்சு ரோட்டுக்கு வந்துச்சு. கரிசக்காடு ஒரே இழுப்புல குடிச்சிருச்சு. ஈரத்துல கெடந்து துள்ளுன புழுவ வெயிலு பாத்துக்கிருச்சு.

கடைசி டிரம்மும் நெறஞ்ச நேரம் அன்பரசன் காரு வந்துச்சு. கண்ணாடிய எறக்கி பிரீத்திகாவப் பாத்துச் சிரிச்சாரு.

"அட, நம்ம பெங்களூர்ப் பிள்ள! நல்ல காரியம். நாங்களே செய்யணும்னுதான் இருந்தோம். இனி வாரா வாரம் செஞ்சிருவோம். பேப்பர்ல கூடப் போடச் சொல்லலாம், ஆலையில கொசு ஒழிப்பு முகாம்னு."

பிரீத்திகாவுக்குப் பதிலு நாக்கு வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள கேட்டுக்கு உள்பக்கம் இருந்து பொன்னுத்தங்கம் வந்து நின்னா. சட்டையெல்லாம் ஈரம், கையில நாரு. அவ பின்னால கற்பகவல்லி, அவ பின்னால மத்த அம்புட்டு பேரும்.

"மொதலாளி, ஒரு சொல்லு பாக்கி இருக்கு."

"அதான் எல்லாஞ் சரியாயிருச்சே தாயி. போயி ஒக்காருங்க, லோடு நிக்குது."

"எம் மக சீசாவுல காய்ச்சலு கொண்டாந்தான்னு ஒங்க போர்மேன் அத்தன பேரு முன்னாடியும் சொன்னாக. அத்தன பேரு முன்னாடியும் நீங்க இல்லன்னு சொல்லணும். சொன்னாத்தான் மருந்தத் தொடுவோம்."

"என்ன தாயி நீ, வெளையாட்டுக்குச் சொன்னதப் போயி..."

"எனக்கு வெளையாட்டாத் தெரியல."

யாரும் நகரல. வாட்ச்மேன் கேட்டத் தொறக்குறதா மூடுறதான்னு தெரியாமப் பிடிச்சுக்கிட்டு நின்னான். அன்பரசன் கைக்கடிகாரத்தப் பாத்தாரு.

"சரிம்மா. ஒம் மக கொண்டாரல. போதுமா?"

"பெறகு எங்கன இருந்து வந்துச்சு?"

அவரு ஸ்டியரிங்கப் பாத்தாரு. ஈரமாக் கெடந்த ரோட்டப் பாத்தாரு. "டிரம்முல இருந்து,"ன்னாரு, கண்ணாடி ஏறுற சத்தத்துலயே பாதி அமுங்குற மாதிரி.

"கேட்டுச்சா எல்லாருக்கும்?"ன்னா பொன்னுத்தங்கம் திரும்பி. "கேட்டுச்சு, கேட்டுச்சு,"ன்னு கற்பகவல்லி காருக்குள்ள வரைக்கும் கேக்குற மாதிரிச் சொன்னா. அப்புறந்தான் பொம்பளைக ரூமுகளப் பாத்து நடந்தாக. பொன்னுத்தங்கம் போறப்ப மகளப் பாத்து, "வெயில்ல நிக்காம போட்டி,"ன்னா. அம்புட்டுத்தான் சொன்னா. ஆனா பாத்துச் சொன்னா.

பிரீத்திகாவுக்குக் கோவம் எறங்கல. இத்தன நாளு எத்தன பேரு கடி வாங்குனாகளோ, இன்னும் யாருக்குள்ள அது பெருகிக்கிட்டு இருக்கோ, அம்மாவுக்குள்ள இருக்கோ இல்லையோ, இன்னும் எத்தன நாளு நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பாக்கணுமோ. அதுக்கெல்லாம் சேத்து ஒரு மனுசன் கண்ணாடிய ஏத்திக்கிட்டே சொன்ன ஒத்தச் சொல்லு.

அந்த ஒத்தச் சொல்லயாவது சேக்க வேண்டியவகிட்டச் சேக்கணும். அவ டிவிஎஸ்ஸ ஒதைச்சு, விருதுநகர் பெரியாஸ்பத்திரிப் பக்கம் திருப்புனா. அங்கன யோகலட்சுமி அக்கா, தன் வீட்டுத் தொட்டிய ஒழுங்காக் கழுவலயோன்னு இன்னமும் தன்னையே திட்டிக்கிட்டுக் கெடக்கா.